பெட்டியின் மேல் அச்சிடாதவை

புதிய போன் ஒன்று நல்லதா கெட்டதா என்பதைக் கடையின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று முடிவுசெய்ய முடியாது. அதைக் கேரளத்தின் தெற்கு ஓரத்திலுள்ள எங்கள் அதியன்னூருக்குக் கொண்டுவர வேண்டும். மேட்டில் வீடு, பள்ளத்தில் ஏலா என்னும் வயல், இடையில் ரப்பரும் தென்னையும் வாழையும் மரச்சீனியுமாகக் கிடக்கும் இந்த மண்ணில் ஓர் இடவப்பாதி மழையையும் ஒரு துலாவர்ஷ மழையையும் அது கடக்க வேண்டும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி வரிசையிலும், பாலராமபுரம் சந்தையிலும், பாறசாலை தாண்டிக் களியக்காவிளைக்குப் போகும் பஸ்ஸிலும் அது கையில் இருக்க வேண்டும். போன் வெளியான அன்றே யூடியூபில் வந்துவிடும் மதிப்புரைகள் புது பேட்டரியோடும் காய்ந்த விரலோடும் முழு சிக்னலோடும் எடுக்கப்பட்டவை. அவற்றை நம்பிப் பணம் கொடுக்கிறவர்கள் இங்கே ஏராளம். ஆறு மாதம் கழித்து அவர்கள் வாயிலிருந்து வரும் குறைகள் அந்த மதிப்புரைகளில் இருப்பதில்லை.

இதைப் பற்றி ஒரு நடுப்பக்கத்தில் பேசக் காரணம் உண்டு. போன் இன்று ஆசைக்கு வாங்கும் பொருள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. கேரளத்தில் கட்டட அனுமதி, திருமணப் பதிவு, வரி என உள்ளாட்சிச் சேவைகள் கே-ஸ்மார்ட் தளத்துக்குள் போய்விட்டன. 2024 ஜனவரி 1 முதல் நகரசபைகளில், 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளில். வங்கியின் ஓ.டி.பி., எரிவாயு சிலிண்டர் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் செய்தி எல்லாம் அந்தக் கையகலக் கண்ணாடி வழியாகவே வருகின்றன. நம் திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை பஞ்சாயத்துதான் 2022இல் நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவுப் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 21 அன்று மாநிலம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தது. நூறு வயதைத் தாண்டியவர்கூட அதற்கான டிஜி கேரளம் திட்டத்தில் போன் பழகினார் என்பது உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால், ஒரு பொருளை அரசே இவ்வளவு அவசியமாக்கிவிட்ட பிறகு, அதன் தரம் வாங்குகிறவரின் தலைவிதி என்று விட்டுவிட முடியாது. ரேஷன் அரிசியின் தரத்தைக் கேட்கும் உரிமை நமக்கு இருப்பதுபோல போனின் தரத்தைக் கேட்கும் உரிமையும் வேண்டும்.

நான் பேசுவது லட்ச ரூபாய் போன்களைப் பற்றி அல்ல. இந்தப் பகுதியில் பெரும்பாலும் வாங்கப்படுவது 12,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும் 5ஜி போன். அதுவும் பெரும்பாலும் தவணையில். எங்கள் வீட்டுக்கும் அண்மையில் அப்படியொன்று வந்தது. எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த விலையில் விற்கும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்துவதைத்தான் சொல்கிறேன்.

முதலில் நிறைகள், ஏனெனில் அவை சின்னவை அல்ல. கேரளத்தில் முதல் செல்போன் அழைப்பு 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் நடந்தது. எஸ்கோடெல் நிறுவனத்தின் தொடக்க விழாவில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தென்பிராந்தியக் கடற்படைத் தலைவராக இருந்த ஏ.ஆர். டாண்டனை அழைத்துப் பேசினார். அந்தக் காலத்தில் அழைத்தாலும் காசு, வரும் அழைப்பை எடுத்தாலும் காசு. உள்வரும் அழைப்பு இலவசமானதே 2003இல்தான். அங்கிருந்து பார்த்தால் இன்று 15,000 ரூபாய்க்குக் கையில் வரும் பொருள் மலைக்க வைக்கிறது. 2025இல் வந்த பல போன்களில் சிலிக்கான்-கார்பன் பேட்டரி வந்து, கொள்ளளவு 6,000, 7,000 மில்லி ஆம்பியர் மணி என்று ஏறியிருக்கிறது. காற்றும் மழையும் அடித்துக் கம்பி அறுந்து ராத்திரி முழுக்க கரண்ட் போனாலும், மறுநாள் மத்தியானம்வரை போன் தாங்குகிறது. உச்சி வெயிலில் திரை தெரிகிறது. ஐந்து வருடத்துக்கு முந்தைய போனை வெயிலில் கைக்குடை பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆதார், பட்டா, மருந்துச்சீட்டு எதையும் படம் எடுத்தால் தாளின் ஓரத்தைத் தானே வெட்டி நேராக்கித் தருகிறது. அக்‌ஷயா சேவை மையத்தில் வரிசை நிற்கும் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஒரு தாய்க்கு ஷார்ஜாவில் இருக்கும் மகன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் அதற்கென்று போட்டிம் செயலியையும் அந்த அம்மா பழகி வைத்திருக்கிறார்.

பாலராமபுரத்தின் சாலியர் தெருக்களில் இதன் பயனை நேரில் காணலாம். திருவிதாங்கூரை பாலராம வர்மா ஆண்ட காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் இன்றும் தமிழ். தறியில் ஓடிக்கொண்டிருக்கும் கசவு ஜரிகைக் கரையைப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பினால் நெய்து முடிக்கும் முன்பே விலை பேசிவிடலாம். ஆனால் ஒரு குறையும் அங்கேயே தலைகாட்டுகிறது. இந்தப் போன்களின் கேமரா படத்தை எடுத்த கையோடு தானாகவே மெருகேற்றுகிறது. நெசவாளரின் துணி இளமஞ்சள் கலந்த வெண்மை. படத்தில் அது பால்வெள்ளையாகிவிடுகிறது, கசவு தகதகவென்று எரிகிறது. துணியைக் கையில் வாங்கும் ஆள் “போட்டோவில் வேற மாதிரி இருந்ததே” என்கிறார். 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், நிறத்தை உள்ளபடி காட்ட ஒரு பொத்தான் வைத்திருக்கலாம். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் 2 மெகாபிக்சல் கண்ணை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அது எண்ணிக்கைக்காக வைத்தது. நினைவகக் கொள்ளளவில் ‘விர்ச்சுவல் ராம்’ என்று சேர்த்துச் சொல்லும் கணக்கும் அப்படித்தான்.

போன் ஏழையின் வருமானத்தை உயர்த்துமா என்ற கேள்விக்கு உலகம் எடுத்துக்காட்டும் ஆய்வு கேரளக் கடற்கரையில் நடந்ததுதான். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் மத்தி மீன் சந்தைகளைச் செல்போன் வந்த ஆண்டுகளில் தொடர்ந்து கவனித்தார். 2007இல் கட்டுரை வெளிவந்தது. எந்தக் கரையில் விலை இருக்கிறது என்று கடலில் இருந்தபடியே கேட்டுத் திரும்ப முடிந்ததும், விற்காமல் கொட்டப்படும் மீன் இல்லாமலானது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் கையில் இருந்தது வெறும் பேச்சு போன். இணையம் கிடையாது, கேமரா கிடையாது. கரையிலிருந்த கோபுரம் கடலில் கொஞ்ச தூரம் எட்டியது, அவ்வளவுதான். போனின் முதல் தகுதி சிக்னல் பிடிப்பது என்பதை நாம் மறந்து வெகுகாலமாகிறது. மதிப்புரை எழுதுகிறவர்களும் மறந்துவிட்டார்கள்.

அதியன்னூர் பக்கத்துத் தரை அமைப்பு சிக்னலுக்கு எதிரி. செம்மண் மேடுகளுக்கு நடுவே ஏலாக்கள் சட்டென்று இறங்கும். மேட்டு ரோட்டில் நான்கு கோடு காட்டும் போன், வாழைத் தோட்டத்துக்கு இறங்கும் படிக்கட்டின் பாதியில் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை வாங்குகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. 5ஜி சேவைக்கு நாட்டில் அதிகம் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் எட்டும் தூரம் குறைவு, மரத்தையும் சுவரையும் துளைக்கும் வலுவும் குறைவு. 700 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பின்தங்கினாலும் பள்ளத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழையும். 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் அந்த 700ஐ வாங்கியது ஜியோ மட்டும்தான். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டி 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கிவைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். 4ஜி சேவையும் 700ஐப் பயன்படுத்துகிறது. ஆகவே, உங்கள் போன் ‘5ஜி’யா என்ற கேள்வி அரைகுறைக் கேள்வி. அது எந்தெந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் என்பதே முழுக் கேள்வி. பெட்டியில் இதைத் தேடிப் பாருங்கள்; பெரும்பாலும் இருக்காது. கம்பெனியின் இணையப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘என்28’, ‘என்78’, ‘பி28’ என்று குறியீடாக இருக்கும். என்28ம் பி28ம்தான் அந்த 700. நெய்யாற்றின்கரையில் போன் வாங்குகிறவருக்கு 120 ஹெர்ட்ஸ் திரையைவிட இந்தப் பொடி எழுத்து முக்கியம்.

சிக்னல் தேடி அலையும் போன் சூடாகிறது, பேட்டரியைக் குடிக்கிறது. பள்ளத்தில் வீடு இருப்பவர்கள் அமைப்புகளில் போய் 4ஜியை முதன்மையாக வைத்துவிட்டால் மாலைக்குள் கணிசமான சார்ஜ் மிஞ்சும். எங்கள் வீட்டில் இதைச் செய்த பிறகுதான் அந்தப் போன் சூடாவது நின்றது. வைஃபை வழியாகச் சாதாரண அழைப்பு பேசும் வசதி இன்னொன்று. வெட்டுக்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள வீட்டுக்கு அதைப்போல உதவும் அம்சம் வேறில்லை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய கே-போன் திட்டம் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் தருவதை இலக்காகச் சொன்னது. முதற்கட்டம் 14,000 குடும்பங்கள். அந்த இணைப்பு எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தால் சிக்னல் இல்லாத வீடுகளின் பிரச்சினை பாதி தீரும். அதற்கும் வைஃபை அழைப்பு வசதியுள்ள போன் வேண்டும். விற்பவரில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அதியன்னூரிலிருந்து தெற்கே போகப் போக இன்னொரு சிக்கல் சேர்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தமிழ்நாட்டோடு போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கல்யாணமும் கச்சவடமும் அதற்காக நிற்கவில்லை. பாறசாலையில் வீடு, மார்த்தாண்டத்தில் கடை. காரக்கோணத்தில் படிப்பு, குழித்துறையில் மாமனார் வீடு. தொலைபேசித் துறை மட்டும் இந்த எல்லையைக் கறாராக வைத்திருக்கிறது: இந்தப்புறம் கேரள வட்டம், அந்தப்புறம் தமிழ்நாடு வட்டம். 2017 வாக்கில் ரோமிங் கட்டணம் ஒழியும்வரை எல்லையோர வீடுகளில் போன் தமிழகக் கோபுரத்துக்குத் தாவினால் பணம் போனது. இப்போது பணம் போவதில்லை. வேறு ஒன்று நடக்கிறது.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டிலும் 31 அன்று கேரளத்திலும் போன்கள் ஒரே நேரத்தில் பெரும் சத்தத்தோடு அலறியது நினைவிருக்கும். பேரிடர் எச்சரிக்கைச் சோதனை அது. இந்தச் செய்தி நம் எண்ணுக்கு வருவதில்லை. கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே மூச்சில் அனுப்புகிறது. ஆகவே, பொழியூரில் உட்கார்ந்திருப்பவரின் போன் கொல்லங்கோட்டுப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் தமிழ்நாட்டின் எச்சரிக்கைதான் அவருக்கு வரும். கேரளம் அனுப்புவது வராது. திடீரென்று பொங்கும் கள்ளக்கடல் ஏறிவரும் கரையில் இது விளையாட்டுக் காரியமல்ல. கடலுக்கு மாநில எல்லை கிடையாது. களியக்காவிளை முதல் பொழியூர்வரை உள்ள கோபுரங்கள், அவை எந்த வட்டத்தைச் சேர்ந்தவையானாலும், இரு மாநில எச்சரிக்கைகளையும் தமிழ், மலையாளம் இரண்டிலும் அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேரிடர் மேலாண்மை ஆணையங்களும் ஒன்றாகக் கேட்டு வாங்க வேண்டும். அன்று அலறலுக்குப் பயந்து அந்த எச்சரிக்கை வசதியை அணைத்துவிட்டவர்கள், தயவுசெய்து இன்றே மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

போன் இல்லாதவர் எல்லையில் என்னவானார் என்பதை 2020இல் பார்த்தோம். கேரளத்துக்குள் வர ‘கோவிட்-19 ஜாக்ரதா’ தளத்தில் பதிவு, தமிழ்நாட்டுக்குள் போக இ-பாஸ். இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியில் திரையைக் காட்டியவர் கடந்தார். கையில் எழுதிய கடிதத்தோடு வந்தவர் நின்றார். சொந்தத் தங்கை வீட்டுக்குப் போக ஆண்ட்ராய்டு போன் தேவைப்பட்ட அந்த மாதங்களில்தான் எல்லையோரத்து முதியவர்கள் பலர் பேரப்பிள்ளைகளிடம் போன் பழகத் தொடங்கினார்கள்.

கடலுக்குள் போனால் எந்தப் புதிய போனும் பழைய போனும் ஒன்றுதான். அதியன்னூர் ஊராட்சி ஒன்றியத்துக்குள்ளேயே கரும்குளம் போன்ற கடலோரப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் பூவாறிலிருந்தும், அப்புறம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளிலிருந்தும் போனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை, ஏனெனில் கோபுரத்தின் எட்டுதூரம் கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகே இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழி செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்குத் தரப்பட்டன. இன்று சில போன்களில் ‘நாவிக் ஆதரவு’ என்று எழுதியிருக்கிறது. அது இருக்கும் இடத்தைக் கண்டறிய மட்டுமே. நடுக்கடலில் அந்தப் போனுக்குப் புயல் எச்சரிக்கை வராது. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்லாமல் ஒரு மீனவருக்குப் போன் விற்பது பெரும் தவறு.

விரலுக்கு வருவோம். இந்தப் பகுதியின் உழைப்பு விரலில் இருக்கிறது: ரப்பர் பால் எடுக்கிறவர்கள், தறியில் இருப்பவர்கள், மீன் அறுக்கிறவர்கள், அந்தப்புறம் கன்னியாகுமரி மாவட்டத்தின் அண்டியாபீசுகளில் முந்திரி உடைக்கும் பெண்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைச் சுட்டு ரேகையையே அழித்துவிடும். ரேகை பதியாமல் ஆதார் எந்திரத்தின் முன் தவிக்கும் அந்த விரல்களைப் புது போனின் சென்சாரும் அடையாளம் காண்பதில்லை. மழையில் நனைந்த விரலுக்கும் அதே கதி. திரை மேல் நீர்த்துளி விழுந்தால் தொடாத இடத்தில் தொட்டதாக எடுத்துக்கொள்கிறது, விசைப்பலகையில் எழுத்து தானே ஓடுகிறது. ரகசிய எண்ணுக்குப் பதில் ரேகையையோ முகத்தையோ காட்டி யு.பி.ஐ.யில் பணம் அனுப்பலாம் என்று 2025 அக்டோபரில் அனுமதி வந்தபோது நகரத்தில் வரவேற்பு இருந்தது. ரேகை தேய்ந்தவர்களுக்கு அதில் ரேகை வழி உதவாது. ஈரக் கையில் தொடுதிரை எப்படி வேலை செய்கிறது, தழும்பேறிய விரலில் சென்சார் எத்தனை முறைக்கு ஒருமுறை திறக்கிறது என்று எந்தக் கம்பெனியும் சொல்வதில்லை. இத்தனை மழையும் இத்தனை உடலுழைப்பும் உள்ள நாட்டில் விற்கும் பொருளுக்கு இதைச் சோதிக்காமல் எப்படி அனுப்புகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. ஐ.பி. 54 என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், முங்கினால் தாங்காது, ஐ.பி. 68 போட்டிருந்தாலும் அது நல்ல தண்ணீருக்கான சோதனை, உப்புத் தண்ணீருக்கானது அல்ல. இதையும் கடற்கரையில் விற்கும்போது சொல்ல வேண்டும்.

மொழி விஷயத்தில் போன்கள் முன்பைவிட எவ்வளவோ மேல். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் திரையில் படிக்க முடிய வேண்டும் என்ற ஐ.எஸ். 16333 தரவிதி 2016இல் வந்த பின் கட்டம் கட்டமாகத் தெரியும் எழுத்துகள் மறைந்தன. ஒரே விசைப்பலகையில் தமிழும் மலையாளமும் வைத்துக்கொண்டு மாறி மாறி எழுதலாம். பேசினால் எழுதும் வசதியில்தான் தடுமாற்றம். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலந்து பேசும் எல்லை ஊர்ப் பேச்சை அது ஏதோ ஒரு மொழி என்று எடுத்துக்கொண்டு குழப்பியடிக்கிறது. எழுதத் தெரியாதவருக்குத்தான் இந்த வசதி மிகவும் தேவை, அவர்தான் இப்படிப் பேசுகிறவர். இது காலத்தில் சரியாகும் என்று நம்புகிறேன்.

சரியாகாதது, நாளுக்கு நாள் மோசமாவது, போனின் ஆயுள். என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். முதல் வருடம் எல்லா போனும் நல்ல போன். இரண்டாம் வருடம் பேட்டரி தளர்கிறது. மூன்றாம் வருடம் கீழே விழுந்து திரை விரிகிறது. அப்போதுதான் திரையின் விலை போனின் விலையில் பாதியை நெருங்குகிறது என்று தெரியவருகிறது. பல பிராண்டுகளின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத் திருவனந்தபுரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டு அருகே சின்னக் கடை வைத்திருக்கும் பையனுக்குத் திறமை இருக்கிறது, அசல் உதிரிபாகம் கிடைப்பதில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டிய காலத்தை நோக்கியா 1100 வைத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள்.

மென்பொருள் அப்டேட் நிற்பது கண்ணுக்குத் தெரியாத மரணம். பாதுகாப்பு அப்டேட் நின்ற போன் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்தப் போனில்தான் வங்கிக் கணக்கு இருக்கிறது. போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. செயலிக் கோப்பைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் கேரளத்தில் பலர். அப்டேட் இருந்தால் மட்டும் மோசடி நின்றுவிடாது. ஆனால் அது இல்லாத போன் தாழ்ப்பாள் இல்லாத கதவு. டிஜி கேரளம் திட்டம் சுமார் 21.88 லட்சம் பேரை டிஜிட்டல் எழுத்தறிவு இல்லாதவர்களாகக் கண்டறிந்து பயிற்சி கொடுத்தது. அவர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் கழித்துப்போட்ட போனில் பழகியவர்கள். அப்டேட் நின்ற போனை எளிய மனிதர் கையில் கொடுத்து வங்கிச் செயலியைப் பழக்குவதில் இருக்கும் ஆபத்தைப் பற்றி எழுத்தறிவு அறிவிப்பு விழா மேடைகளில் யாரும் பேசியதாக நினைவில்லை.

நீண்ட நாள் அப்டேட் தருவது செய்ய முடியாத காரியம் என்று கம்பெனிகள் சொல்ல முடியாது. கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் 7 ஆண்டு அப்டேட் அறிவித்தன. 2024 அக்டோபரில் ஏறக்குறைய 19,000 ரூபாய்க்கு இந்தியாவில் வந்த சாம்சங் ஏ16 5ஜிக்கு 6 ஆண்டு என்றார்கள். ஆக, இருபதாயிரத்துக்குள்ளும் இது சாத்தியம். அதே விலையில் 2 ஆண்டோடு கைகழுவும் போன்களும் அதே அலமாரியில் இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெட்டியின் மேல் தெரிவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தெரிகிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைத்திருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுக்கு உதிரிபாகம், 5 ஆண்டுக்கு அப்டேட். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதைத் தரவரிசையாகக் காட்டும் லேபிளும் கட்டாயம். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் போன்கள் கடல் தாண்டிப் போகின்றன. தமிழ்நாட்டுப் பெண்கள் ஷிஃப்ட் முறையில் நின்று பூட்டும் ஒரு பொருள் ஐரோப்பாவில் இந்த லேபிளோடு விற்க வேண்டும், பாறசாலையில் அது இல்லாமலே விற்கலாம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் தரும் குறியீட்டை வகுக்க 2024இல் குழு அமைத்தது. முதலில் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அதைக் கொண்டுவரலாம் என்று 2025 மே மாதம் குழு அறிக்கை கொடுத்தது. ஃபிரிட்ஜில் நட்சத்திரக் குறி ஒட்டி மக்களைப் பார்த்து வாங்கப் பழக்கியவர்கள் நாம். போனுக்கு அதைக் கட்டாயமாக்குவதற்கு இன்னும் என்ன தடை? மத்திய அரசு தாமதித்தால் கேரளமும் தமிழ்நாடும் ஒரு காரியம் செய்யலாம். அரசு தன் ஊழியர்களுக்கும் பள்ளிகளுக்கும் திட்டங்களுக்கும் வாங்கும் கருவிகளில் 5 ஆண்டு அப்டேட்டும் 5 ஆண்டு உதிரிபாகமும் உறுதி தருகிறவற்றை மட்டுமே வாங்குவோம் என்று டெண்டரில் எழுதட்டும். இவ்வளவு பெரிய வாங்குநர் கேட்டால் கம்பெனிகள் கேட்கும்.

அதுவரை வாங்குகிறவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் வேலை உள்ளவர்கள் இரண்டு சிம் வைத்திருப்பார்கள். ஒன்று பேச மட்டும் என்றால் டேட்டா இல்லாத ரீசார்ஜ் கேளுங்கள்; 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தி அப்படித் திட்டம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். அந்த எண்ணை, *#06# அழுத்திப் பார்த்து, இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930ஐ அழையுங்கள்.

புதிய போன் வாங்கக் கிளம்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: என்28ம் பி28ம் இருக்கிறதா, வைஃபை அழைப்பு வேலை செய்யுமா, பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை வரும், திரையும் பேட்டரியும் மாற்ற இன்றைய விலை என்ன. விரலை நனைத்து ஒருமுறை திரையைத் தொட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். நெய்யாற்றின்கரையிலும் களியக்காவிளையிலும் கடைகளுக்குக் குறைவில்லை.